தூண்டில் பிள்ளை

கிளாத்தேன் ஊர்ப் பக்கம் குழந்தை இல்லாத வீட்டுக்கு ஒரு வைத்தியம் உண்டு. சொந்தத்தில் ஒரு பிள்ளையை வாங்கி வளர்த்தால், அந்த ராசியில் வயிற்றில் பிள்ளை தங்குமாம். அதற்குத் தூண்டில் பிள்ளை என்று பெயர். அப்படித்தான் நாத்தனார் லாஸ்மியின் மகள் கெண்டிஸ், கைக்குழந்தையாக வுர்யானியிடம் வந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மீன்தான் மாட்டவில்லை.

மாட்டுமா பின்னே? மாதவிலக்கு வந்தால் வுர்யானி சுருண்டு படுத்துவிடுவாள். கர்ப்பப்பை இறங்கிவிட்டதென்று பிசைந்துவிடுகிற கிழவி வந்து அடிவயிற்றை அமுக்கித் தூக்குவாள். உயிர் போய் உயிர் வரும். "பொறுத்துக்கடி, புள்ள வேணும்ல" என்பாள் மாமியார் சர்ஜியம். ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கவிடவில்லை, மகராசி.

போன மாதம் வுர்யானி தானாகவே சோலோ நகரத்து ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துச் சொன்னார். கர்ப்பப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வு வெளியிலும் ஒட்டி வளர்கிறது. அதைத் துடைத்தெறிய வேண்டிய உடம்பின் காவல்படை, துடைக்கவும் முடியாமல் அங்கேயே ஓயாமல் சண்டை போடுகிறது. அந்த அழற்சியில் கரு தங்குவது கஷ்டம்.

"இத்தனை வருஷம் என்னம்மா பண்ணீங்க?"

வுர்யானிக்கு மாமியார்மேல் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் டாக்டரம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்.

நோன்பு முடிந்து வரும் லெபரான் பெருநாளன்று சொந்தம் முழுக்கக் கூடியது. வழக்கப்படி மாமியார்முன் மண்டியிட்டு, வருஷத்துத் தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டாள் வுர்யானி. பிடித்த கையை விடாமலே சர்ஜியம் ஆரம்பித்தாள்.

"இந்தத் தூண்டில் ராசியில்ல. கெண்டிஸை லாஸ்மிகிட்டயே விட்டுட்டு, அவ சின்னவனைத் தூக்கிட்டுப் போ."

லாஸ்மி குனிந்த தலை நிமிராமல் ஓலைக்கூட்டில் வெந்த கெத்துபட் சோற்றுக்கட்டியை நறுக்கினாள். வுர்யானியின் கணவன் கியோனோவின் வாயில் கொழுக்கட்டை.

"கோளாறு என் வயித்துல அத்தை. மருந்து இருக்கு. பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். அதுக்குப் புள்ள என்ன பண்ணும்?"

"உன் உடம்பே உன்னோட சண்டை போடுதாமே. உன் வாயைப் பாத்துக் கத்துக்கிச்சு போல."

கூட்டம் சிரித்தது. சிரிக்கத்தான் செய்யும், வலி அவர்களுக்கா?

அப்போது உள்ளேயிருந்து கெண்டிஸ் வந்தாள். தோளில் பள்ளிப் பை, அதில் புத்தகம் இல்லை, அவளுடைய துணிமணி.

"நான் போறேம்மா. தம்பி வந்தா உனக்குப் பாப்பா வரும்ல."

வுர்யானி பையைப் பிடுங்கி அத்தனையையும் மாமியார் மடியில் கொட்டினாள்.

"இன்னிக்கு மன்னிப்புக் கேக்குற நாள்தானே அத்தை? இவகிட்ட கேளுங்க."

சர்ஜியம் அசையவில்லை. கியோனோதான் எழுந்து வந்து, மகள் முன்னால் மண்டியிட்டான்.