திரும்பாத நெவிலும் நாலு வாளிகளும்

என் கணவர் நெவில் பண்டாபர்க்கில் முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். நிறுத்தத்தில் பேருந்தைத் தவறவிட்ட பிள்ளைக்காக ஒரு நாளும் வண்டியைத் திருப்பியதில்லை. ஒருத்தனுக்குத் திருப்பினால் நாளைக்கு ஒன்பது பேர் தாமதமாக வருவார்கள் என்பார். ஓய்வுபெற்றுப் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியபோது அந்தச் சட்டத்தையும் கையோடு ஏற்றிக்கொண்டார்.

என் தொப்பி காற்றில் போனது. திரும்பவில்லை. காயப்போட்ட புதுப் போர்வை போனது, அதற்கும் திரும்பவில்லை. படகுத்துறையில் எல்லோரும் ‘திரும்பாத நெவில்’ என்றே கூப்பிட்டார்கள். மனிதருக்கு அதில் பெருமை வேறு.

எனக்கு நீச்சல் சுமார்தான். ஒருமுறை கேட்டேவிட்டேன்.

“நான் விழுந்தா என்ன பண்ணுவ?”

“அப்புறம் டீ யாரு போடுவா? யோசிச்சுதான் முடிவு பண்ணணும், பெரில்.”

நானும் சிரித்துவைத்தேன். ஆனால் எட்டு வருஷமாக அந்தப் பதில் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

வருஷத்துக்கு இரண்டு வாரம் நான் பிரிஸ்பேனில் தங்கை வீட்டில் இருப்பேன். திரும்பி வந்தால் படகில் வாளி இருக்காது. கேட்டால் “காத்துல போச்சு” என்பார். முதல் நாலு வருஷத்தில் நாலு வாளி. ஒரு வாளியைக் கட்டிவைக்கத் துப்பில்லாத கேப்டன் என்று வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு வாளி குறையவில்லை. புத்தி வந்துவிட்டது என்று விட்டுவிட்டேன்.

போன செப்டம்பரில் லேடி மஸ்கிரேவ் தீவுக்குக் கிளம்பினோம். பவளப்பாறைக்கு நடுவே நுழையும் வழி குறுகல். வெயில் தலைக்கு மேலே இருக்கும்போது போனால்தான் பாறை கண்ணுக்குத் தெரியும். அதனால் காலையிலிருந்தே அவசரம்.

வழியில் இரண்டு பூபிகள் சேர்ந்துகொண்டன. பழுப்பு உடம்பும் வெள்ளை வயிறுமாக வாத்தளவு கடற்பறவைகள். படகுக்குப் பயந்து துள்ளும் கோலா மீன்களைப் பிடிக்கக் கூடவே வரும். ஒன்று முன்பக்கக் கம்பியில் உட்கார்ந்து தளத்தை அசிங்கம் பண்ணியது.

“டிக்கெட் வாங்காம ஏறிட்டு, சீட்டையும் நாறடிக்குது பாரு,” என்றார் நெவில்.

இன்னொன்று, படகுக்குப் பின்னால் நாங்கள் இழுத்துவந்த தூண்டிலின் பிளாஸ்டிக் மீனை நிஜமென்று நம்பிப் பாய்ந்தது. கொக்கி இறக்கையில் மாட்டி, நூலும் சுற்றிக்கொண்டது. படகு போகிற வேகத்தில் அது தண்ணீருக்குள் முங்கி முங்கி வந்தது.

“இழுத்தா செத்துரும். நூலை அறுத்துவிடு,” என்றேன்.

அறுத்தார். பறவை பின்னால் தங்கிவிட்டது. இறக்கை கட்டுண்டு அலையில் தத்தளித்தது. அவ்வளவுதான், போய்விடுவோம் என்று நினைத்தேன். நெவில் சுக்கானைத் திருப்பினார்.

“கையை நீட்டி அதையே காட்டிட்டு இரு. கண்ணை எடுக்காத.”

நான் காட்டினேன். படகு வளைந்து சுற்றி, காற்றுக்கு எதிரே மூக்கை வைத்து, பாய் படபடக்க, பறவைக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஒரே முயற்சியில். நீல வாளியை விட்டு மொண்டு தூக்கினார். நான் துண்டால் தலையை மூட, அவர் குறடால் கொக்கியை வெட்டி எடுத்தார். நன்றிக்கு அது அவர் கட்டைவிரலைக் கிழித்தது. தண்ணீரில் விட்டதும் கொஞ்ச நேரம் மிதந்தபடி இறகைக் கோதிவிட்டுப் பறந்தது.

உள்ளே நுழையத் தேவையான உச்சி வெயில் அதற்குள் சாய்ந்துவிட்டது. பாறைக்கு வெளியிலேயே நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டு கிடந்தோம். விரலுக்குக் கட்டுப் போட்டபடி கேட்டேன்.

“என் தொப்பிக்குத் திரும்பாத ஆளு, இவ்வளவு சுத்தமா திரும்ப எங்க கத்துக்கிட்ட?”

கட்டின விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

“நீ தங்கச்சி வீட்டுக்குப் போறப்பல்லாம் தனியா வெளிய வருவேன். வாளியத் தூக்கிக் கடல்ல போட்டுட்டு, திரும்பி எடுத்துப் பழகுவேன்.”

எனக்குக் கண் கலங்கியது. கோபமும் வந்தது.

“அத எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன? எட்டு வருஷமா பயந்து செத்தேனே.”

“முதல் நாலு வாளியும் போச்சு, பெரில். அத சொல்லியிருந்தா நீ படகுல ஏறியிருப்பியா?”