ஹாலில் மாட்டிய பெட்டி

பாலம் தாண்டி சிங்கப்பூரில் அலுவலகத் தரை துடைக்கிறவள் நான். வீடு இந்தப் பக்கம் மலேசியாவில், ஜொகூர் பாருவில், அடுக்குமாடியில். விடியுமுன் கிளம்பி இருட்டியபின் வருகிறவளுக்குப் பகலில் வீடு எப்படி இருக்கும் என்றே மறந்துபோகும். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் சோர்ந்த பிறகு, மறந்திருக்கவும் முடியவில்லை. கைப்பேசியைப் பார்த்துப் பார்த்தே பாதி உயிர் போனது.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து அந்தப் பெண் வந்தாள். நம்ம பிள்ளைதான், பொந்தியான் பக்கம். பகலில் தனியாக இருக்கும் நோயாளிகளுக்கு ஒரு பெட்டி செய்கிறார்களாம். சோப்புப் பெட்டி அளவுதான். சுவரில் மாட்டினால் ஆள் அசைவதைக் கவனித்துக்கொண்டிருக்கும். படம் எடுக்காது. ரொம்ப நேரம் அசைவே இல்லையென்றால் எனக்குச் செய்தி அனுப்பும்.

"இத லிவிங் லேப்னு சொல்வோம் ஆன்ட்டி. எங்க ரூம்ல செஞ்சு முடிச்சுக் கொண்டாந்து குடுக்கிறது இல்ல. வாழுற வீட்டுலயே வச்சு, நீங்க சொல்லச் சொல்ல மாத்துறது."

மேல்மாடிக்காரி எதற்கும் ஒரு சொலவடை வைத்திருப்பவள். தன் மாமியாருக்கு ஒரு பெட்டி கேட்டு வந்திருந்தாள்.

"லேப்னா, அப்ப நாங்கதான் எலியா?"

"எலி இல்ல ஆன்ட்டி, கூட்டாளி."

"கூட்டாளின்னா சரி லா. எலின்னா தேத்தண்ணி குடுத்திருக்க மாட்டோம்."

சிரித்து முடித்ததும் அந்தப் பெண் வீட்டுக்காரரைக் கேட்டாள். "அங்கிள், பகல்ல எங்க உட்காருவீங்க?"

அவர் அன்று தலை வாரி, சலவைச் சட்டை போட்டு, ஹால் நாற்காலியில் இருந்தார். எல்லாம் நான் செய்து வைத்ததுதான். பெக்கான் நானாஸிலிருந்து அன்னாசி லாரி ஓட்டிய மனிதர். "இங்கதான். ஹால்ல," என்றார். நானும் தலையாட்டினேன். அவள் பெட்டியை அங்கேயே மாட்டினாள்.

உண்மையில் அந்த நாற்காலி வருகிறவர்களுக்கானது. அவர் பகல் முழுக்க இருப்பது அடுப்பாங்கரைத் தரையில், பின்கதவோரம். சிமெண்டு குளிர்ச்சி, கம்பிக்கதவில் காற்று வரும், எழுந்திருக்கக் குழாயைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் நல்ல உடுப்பில் வந்த பிள்ளையிடம், கைலியோடு தரையில் கிடக்கிறேன் என்று யார் சொல்வது? எங்கள் அடுக்குமாடியில் பெட்டி மாட்டிய எல்லா வீட்டிலும் இதே கதை. பெட்டி ஹாலில், ஆள் உள்ளே. மேல்மாடிக்காரி ஒரு படி மேலே போய், மரியாதையாக இருக்கட்டும் என்று சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லிவிட்டாள். அது விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் நடுநடுவே ஹாலுக்கு வந்து போனவரை பெட்டி சும்மா இருந்தது. ஒரு நாள் வேலையிடத்தில் செய்தி வந்தது. அசைவு இல்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மேற்பார்வையாளரிடம் சொல்லி, அவர் போட்ட சத்தத்தையும் வாங்கிக்கொண்டு ஓடினேன். பேருந்து, வரிசை, பாலம், மறுபடி வரிசை. கதவைத் திறந்தால் மனிதர் பின்கதவோரம் உட்கார்ந்து தேத்தண்ணியில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார். கைப்பேசி ஹாலில் கிடந்தது.

"ஏன் இன்னிக்கிச் சீக்கிரம்?" என்றார்.

அடுத்த வாரமும் அப்படியே. இந்தத் தடவை மேற்பார்வையாளர் சத்தம் போடவில்லை. இன்னொரு முறை நடுவில் போனால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். வேலை போனால் வீடு ஓடாது. செய்தி வந்தும் பார்க்கப் போகாவிட்டால் மனசு ஓடாது.

"அந்தப் பிள்ளைகிட்ட உள்ளதச் சொல்லிடுவோமே," என்றேன்.

"நான் தரையில கெடக்கேன்னு யுனிவர்சிட்டி வரைக்கும் சொல்லப் போறியா?"

மேல்மாடிக்காரியிடம் போய்ப் புலம்பினேன். கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "வாசலுக்குக் கோலம், கொல்லைக்குக் கோணி. நம்ம பொழப்பே அதான?"

பெட்டியைப் பற்றிக் கேட்க அந்தப் பெண் சனிக்கிழமைகளில் வருவாள். வருமுன் நான் வீட்டைக் கூட்டி, அவருக்குச் சட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார வைத்துவிடுவேன். அந்தச் சனிக்கிழமை முடியவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி கூடுதல் வேலை பார்த்துவிட்டு விடிந்தபிறகு வந்து, துவைத்த துணியை நாற்காலியில் குவித்து, அதன் பக்கத்திலேயே தரையில் சாய்ந்துவிட்டேன். அவள் வருவது நினைவிலேயே இல்லை. கதவு திறந்துதான் கிடந்தது.

"ஆன்ட்டி?"

எழுந்திருக்கப் பார்த்தேன்.

"யாரு அது?" உள்ளேயிருந்து அவர் குரல்.

குரல் வந்த பக்கம் அவள் போனாள். நான் சுவரைப் பிடித்துப் பின்னாலேயே போய் நின்றேன். கைலி, பனியன், மடியில் ரொட்டித்தூள். அவர் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று நினைத்திருப்பார். சமாளிக்கவும் தெம்பு வேண்டுமே.

"அங்கிள், தெனம் இங்கதானா?"

அவர் மடியிலிருந்த ரொட்டித்தூளைத் தட்டினார். பிறகு, "இங்கதான் காத்து வரும்," என்றார்.

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து ஹால் பக்கம் எட்டிப் பார்த்தாள். பெட்டி தெரியவில்லை. பென்சிலை எடுத்து, அடுப்பாங்கரைச் சுவரில், நின்றால் தலை வரும் உயரத்தில் பெட்டிக்கு ஒரு புள்ளி வைத்தாள்.

"இன்னும் கீழ வைம்மா," என்றார் அவர். "நான் உட்கார்ந்துதான இருப்பேன்."

அழித்துவிட்டுக் கீழே வைத்தாள். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "பிள்ளைக்குத் தேத்தண்ணி கலக்கு," என்றார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவளே எழுந்து கலக்கினாள். சீனி டின் எங்கே என்று அவர் கை காட்டிக்கொண்டிருந்தார்.

பெட்டி அன்றே அடுப்பாங்கரைக்கு மாறியது. திங்கட்கிழமை கைப்பேசி சத்தம் போடவில்லை. மதியம் வரை அதைப் பார்த்துப் பார்த்துத் தரையைத் துடைத்தேன். மதியத்துக்கு மேல் அதைப் பையில் போட்டுவிட்டுத் துடைத்தேன்.