பதினாறாம் வாய்ப்பாடு

நாலு மணி வெயில் ஓட்டுக்கூரை இடுக்கில் வழிந்து, சாக்பீஸ் தூளில் மிதந்துகொண்டிருக்கும் நேரத்தில், விளாங்குடிப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரும் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்வோம். எழுபதுகளின் கடைசி அது. “ஓர் பதினாறு பதினாறு, ஈர் பதினாறு முப்பத்திரண்டு” என்று அந்த ராகம் என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்; கண் சொக்கும், வாய் மட்டும் பாடிக்கொண்டிருக்கும். அடடா, என்ன சுகம்! பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு அத்துப்படி என்றே நம்பியிருந்தேன்.

பக்கத்தில் உட்காரும் என் சிநேகிதி மைமூன் வேறு மாதிரி. பள்ளி விட்டதும் வேப்பமரத்தடியில் தனியாகச் சொல்லிப் பார்ப்பாள். தடுமாறிய வரிக்கெல்லாம் ஒரு புளியங்கொட்டையை மடியில் போட்டுக்கொண்டு, மறுநாள் அந்த வரிகளை மட்டும் படிப்பாள். மடி நிறையக் கொட்டை வைத்திருந்தவளை நான் “மக்கு” என்று கேலி செய்தேன்.

டவுனில் பெரிய பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ந்து, ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் போய்வர வேண்டும் என்பதுதான் அந்தக் கோடை முழுக்க எங்கள் கனவு. அங்கே தலைமையாசிரியை ஒவ்வொருத்தியையும் தனியாக நிறுத்தி வாய்ப்பாடு கேட்டுத்தான் சேர்ப்பாராம். முந்தின நாள் மைமூன் சொன்னாள்:

“ஒருக்கா தனியாச் சொல்லிப் பாருடி. கூட்டத்துல சொன்னா அம்புட்டும் தெரிஞ்ச மாதிரித்தான் இருக்கும்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உன் கொட்டையை நீ எண்ணு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அவளிடம் ஏழு பதினாறு கேட்டார்கள்.

“மறந்துருச்சு டீச்சர். ஆறு பதினாறு தொண்ணூத்தாறு, அது தெரியும். கூட்டிச் சொல்லட்டுமா?” என்றாள். கூட்டி, நூற்றுப் பன்னிரண்டு என்றாள். சேர்த்துக்கொண்டார்கள்.

என்னிடம் எட்டு பதினாறு கேட்டார்கள். முதலிலிருந்து பாடிப் பார்த்தேன், நாலில் நின்றுபோனது. நாற்பது குரல் இல்லாத அந்த அறையில் என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வாசலில் நின்ற அம்மா, கூட்டத்தோடு கோவிந்தா போட்டால் இப்படித்தான் என்று முனகிக்கொண்டே முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

கொஞ்ச நாள் மைமூன் மட்டும் டவுன் பள்ளிக்குப் போகும்போது பஸ் ஜன்னலிலிருந்து எனக்குக் கையாட்டினாள். பிறகு அவர்கள் குடும்பமே ஊர் மாறிப் போய்விட்டது.

இன்று அந்த ஓட்டுக்கூரை இல்லை, வாய்ப்பாட்டு ராகமும் எந்தப் பள்ளியிலும் காதில் விழுவதில்லை. எதைப் படித்தாலும், இது நிஜமாகவே தெரியுமா என்று தனியாக என்னையே கேட்டுக்கொள்ளும் வழக்கம் மட்டும் அன்று பிடித்தது, விடவில்லை. பதினாறாம் வாய்ப்பாடு இப்போது எனக்குத் தலைகீழாகவும் வரும். அதை மைமூனிடம் ஒருமுறை ஒப்பிக்க வேண்டும்; அவள் எங்கே இருக்கிறாள் என்பதுதான் தெரியவில்லை.