மாமா போட்ட கோலம்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் எங்கள் வீட்டு ஆம்பிளை யார் என்று கேட்டால் எல்லோரும் அம்மாவைத்தான் காட்டுவார்கள். விடியும் முன்னே காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து வந்து விற்பாள். அப்பா இல்லாத வீட்டில் கூட இருந்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. குத்துச்சண்டைக்காரர். அவர் முறைத்தால் தெருநாய்கூட வழிவிடும்.

அந்த மார்கழியில் எங்கள் வாசல் கோலத்தைப் பார்க்கப் பக்கத்து பிளாக்கிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். மீனுக்குக் கிளம்பும் முன் அம்மா போடுவதாக அவர்கள் நினைப்பு. "இன்னா கைக்கா உனுக்கு!" என்பார்கள். அம்மா சிரித்து மழுப்புவாள். அவளுக்கு ஒரு புள்ளிகூட ஒழுங்காக வைக்க வராது. போட்டது மாமா. ஓடிப் பழகக் கிளம்பும் முன், தெரு எழுவதற்குள் போட்டுவிடுவார். நான் மூச்சு விடாமலிருக்க எலந்தவடை லஞ்சம்.

பொங்கலன்று வினை வந்தது. தெரு இளைஞர் மன்றத்துப் பையன்கள் கோலப்போட்டி வைக்க, பக்கத்து வீட்டு அத்தை அம்மாவைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டாள். மாட்டேன் என்றால் திமிர் என்பார்கள். போட்டால் குட்டு உடையும். அம்மா தெரு நடுவே குந்தினாள். புள்ளிகள் எங்கெங்கோ போயின. "அப்போ இத்தினி நாளா போட்டது யாருக்கா?" என்று ஒருத்தி கேட்டதும் சிரிப்பு கிளம்பியது. ஏலத்தில் யாருக்கும் அடங்காத அம்மா தரையையே பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கூட்டத்திலிருந்து மாமா வெளியே வந்தார். "நான்தான் போட்டேன். இப்போ இன்னான்ற?" என்று கோலப்பொடியை வாங்கினார். குந்தவில்லை, இடுப்பை மட்டும் வளைத்து, சண்டை மேடையில் நகர்வது போலக் கால் மாற்றிப் பின்னே போனார். கூடப் பயிற்சி செய்யும் அவருடைய தோஸ்து, "மாமு, அடுத்த மேட்சுக்குப் பொடவ கட்டிக்கினு வா!" என்று கத்தினார். மாமாவின் காது சிவந்தது. கோடு மட்டும் நடுங்கவில்லை.

பெண்களுக்கான போட்டி என்று சொல்லி எவர்சில்வர் குடத்தை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். அம்மா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

"வுடுக்கா, எல்லாம் பாக்கறாங்கோ."

"பாக்கட்டும்டா. ஏலத்துல நான் ஆம்பிளையாட்டம் கத்துறேன். யாரு இன்னா பண்ணிக்கினாங்க?"

மறுநாள் நன்றாக விடிந்தபிறகே மாமா வாசலில் கோலம் போட்டார். புடவை கட்டச் சொன்ன தோஸ்து வந்து நின்றார். அடிதடிதான் என்று நினைத்து அம்மாவைக் கூப்பிட வாயெடுத்தேன். அவரோ தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெல்லக் குந்தினார்.

"இந்தக் கோட்ட எப்டி மாமு வளைக்கிற? சின்ன வயசுலேர்ந்து எனுக்கும் ஆசை."

மாமா கண் கலங்கக் கொஞ்சம் பொடியை அவர் உள்ளங்கையில் கொட்டினார்.

"போட்டிதான் முடிஞ்சிபோச்சே, இனிமே இன்னாத்துக்கு?" என்று கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். குடம் கிடைக்காத கோலத்துக்காக தெருநாய்கூடப் பயப்படும் மாமாவின் கண் ஏன் கலங்கியது என்று அன்று எனக்கு விளங்கவே இல்லை.