கைப்பைக் கண்ணாடியில் ஒட்டிய பொட்டு

மாமியின் கைப்பைக்குள் உள்ளங்கை அளவில் ஒரு கண்ணாடி இருக்கும். அதன் மூலையில் எப்போதும் ஒரு சிவப்பு ஒட்டுப்பொட்டு. தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு கண்டியில் பொட்டோடு பஸ் ஏற எங்கள் வீட்டுப் பெண்கள் பயந்தார்கள். அப்பாவின் தங்கையான மாமி, கல்யாணமான நாளிலிருந்து வைத்துவந்த பொட்டை வாசலிலேயே எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுத்தான் கொழும்புக்குப் புறப்படுவார். அங்கே தொலைக்காட்சி நிலையத்தில் விளக்குகளுக்கு முன்னால் அமரும்போது அது மறுபடி நெற்றிக்கு ஏறும். தமிழில் செய்தி வாசிப்பவருக்குப் பொட்டு வேண்டுமாம், தெருவில் நடப்பவருக்கு ஆகாதாம். இந்தக் கூத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பொட்டில்லாத மாமியைப் பலருக்கு அடையாளம் தெரியாது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழக்கடை வைத்திருந்த மடுல்கெல்ல ஊர்க்காரர் ஒருமுறை, “டீவியில நியூஸ் வாசிக்கிற அம்மா மாதிரியே இருக்கீங்க” என்றார். “கன பேர் அப்பிடித்தான் சொல்லுறவை” என்று சிரிக்காமல் மாம்பழம் பொறுக்கினார் மாமி.

பிறகு மாமியின் கணவரான மாமா, வடக்கில் நோயாகக் கிடந்த தன் தகப்பனைப் பார்க்கப் போனவர், போரில் பாதை மூடப்பட்டு அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். கடிதங்களும் நின்றுபோயின. ஒருநாள் மாலை நாங்கள் கதிரைகளை இழுத்துப்போட்டுச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். விமானத் தாக்குதலில் பயங்கரவாத முகாம் ஒன்று அழிக்கப்பட்டதாக மாமி வாசித்தார். அவர் சொன்ன இடம் மாமாவின் ஊர். குரல் தடுக்கவில்லை. அடுத்து கிரிக்கெட் செய்திக்குப் போய்விட்டார். அம்மா அழத் தொடங்கினார். அப்பா மட்டும், “அவளுக்கு உள்விசயம் தெரிஞ்சிருக்கும். அதுதான் பதறாமல் வாசிக்கிறாள்” என்று தேற்றினார். செய்தி வாசிப்பவருக்குச் செய்தி தெரிந்திருக்கும் என்று நாங்களும் நம்பினோமே!

மறுநாள் மத்தியானம் மாமி கொழும்பிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தார். “அவர் எப்பிடி இருக்கிறாராம்?” என்று கேட்டார் அப்பா.

“அண்ணை, எனக்குத் தந்த தாளில அவ்வளவுதான் இருந்தது” என்றார் மாமி. குனிந்து செருப்பைக் கழற்றியபடி, “வேலையை விட்டிட்டு வருவம் எண்டுதான் யோசிச்சனான். விட்டால் பிறகு அந்தத் தாளும் இல்லை” என்றார்.

போர் முடியும்வரை அந்தத் தாளில் மாமாவின் ஊர்ப் பெயரைத் தேடியபடியே வாசித்தார். முடிந்த பிறகு மாமாவின் படத்தோடு அகதி முகாம்களுக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் அலைந்தோம். இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அலைவதைத் தவிர எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மாமி இப்போது ஓய்வுபெற்று எங்களோடு கண்டியில் இருக்கிறார். போன தைப்பொங்கலன்று கோயிலுக்குப் புறப்படும்போது கைப்பையைத் திறந்தார். கண்ணாடியின் மூலையில் சிவப்புப் பொட்டு.

“இப்ப ரோட்டில ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம் மாமி. வைச்சுக்கொண்டு வாங்கோ” என்றேன்.

பொட்டின் மேல் விரலை வைத்தார்.

“வைக்கிறதோ விடுறதோ எண்டு எனக்கு ஆர் பிள்ளை சொல்லுறது?” என்றார். பிறகு பையை மூடிக்கொண்டு, வெறும் நெற்றியோடு எனக்கு முன்னால் படியிறங்கினார்.