டக்வெலுக்குக் கிடைக்காத தண்டனை

ஹெர்பர்ட் டக்வெல் ஆக்ஸ்ஃபோர்டில் எங்கள் கல்லூரியின் அறைப் பணியாள். இருபத்து நான்கு வருடம் பணக்காரப் பிள்ளைகளுக்கு வெந்நீர் சுமந்தவன், அவர்கள் வாந்தியைத் துடைத்தவன். இருபத்தைந்து முடிந்தால் ஓய்வூதியம் உண்டு. வாசல் காவலனான என்னிடம் தினமும் அதையே சொல்லிக் கழுத்தறுப்பான்.

மாணவன் தன் அறையின் வெளிக்கதவைச் சாத்திவிட்டால் யாரும் தட்டக்கூடாது என்பது கல்லூரிச் சட்டம். ராஜாவே வந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். ஒரு மதியம் லஷிங்டன் துரையின் வெளிக்கதவுக்கு அடியில் புகை வந்தது. டக்வெல் பார்த்தான், தட்டவில்லை. உள்ளே துரையும் நண்பர்களும் படகுப் பந்தயத்தில் ஜெயித்த குஷியில் நாற்காலிகளை உடைத்துக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். கூரை பாதி போயிற்று.

மறுநாள் லஷிங்டனும் டக்வெலும் டீன் முன்னால் நின்றார்கள். நான் சாட்சி.

“லஷிங்டன், ஒரு பருவத்துக்கு உங்களை ரஸ்டிகேட் பண்றோம். அது முடியறவரைக்கும் காலேஜ் பக்கம் வரக்கூடாது” என்றார் டீன்.

டக்வெல் தொப்பியைக் கசக்கினான். “எனக்கும் அதையே குடுத்துடுங்க ஐயா. போயிட்டு வந்துடறேன். இன்னும் எட்டு மாசந்தான் பாக்கி.”

டீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அது எங்கேந்து வந்த சொல்லுன்னு தெரியுமா? லத்தீன்ல ‘ரூஸ்’னா நாட்டுப்புறம். ‘ரூஸ்திகாரி’னா அங்க போய்த் தங்கறது. ரோமாபுரிப் பெரிய மனுஷன் வெயிலுக்குத் தன் பண்ணை வீட்டுக்குப் போவான் பாரு, அது. உனக்குப் பண்ணை வீடு இருக்கா?”

“இல்லீங்கய்யா.”

“நீ நாட்டுப்புறத்துலயே பொறந்தவன். உன்னை அங்க அனுப்பினா அது எப்படித் தண்டனையாகும்? புகையைப் பாத்தும் சும்மா நின்ன ஆள் எங்களுக்கு வேண்டாம். சாவியை வச்சுட்டுப் போ.”

லஷிங்டன் வாய்விட்டுச் சிரித்தான். டக்வெல் சட்டப்படிதான் தட்டாமல் நின்றான் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், கோழை.

நற்சான்றுக் கடிதம் இல்லாத ஐம்பத்தெட்டு வயதுக்காரனுக்கு யார் வேலை தருவார்கள்? விட்னி பக்கத்து நாட்டுப்புறத்துக்கு, உறைபனியில் டர்னிப் கிழங்கு பிடுங்கப் போனான். ஜனவரியில் மார்புச்சளி கண்டு செத்தான்.

லஷிங்டன் அப்பாவின் எஸ்டேட்டில் நரி வேட்டையாடி, கொழுகொழுவென்று வசந்தத்தில் திரும்பினான். பெட்டியை நான்தான் மாடிக்குத் தூக்கினேன்.

“டக்வெல் எங்கேப்பா?”

“செத்துட்டாருங்க துரை.”

“அடச்சே! அவன மாதிரி பூட்ஸுக்கு மெருகு போட யாருக்கும் வராதே.”

சேறு அப்பியிருந்த பூட்ஸைக் கழற்றி என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.