தம்பிக்கு ஒரு நகல்

அறுபதுகளின் கடைசியில், எனக்குப் பத்து வயதானபோது, ஒரு மனிதனை நகல் எடுப்பதென்று முடிவு செய்தேன். வேறு யாரையும் இல்லை, என் தம்பியைத்தான்.

வலையபட்டியில் இருந்த பெரியப்பச்சிக்கு, அதாவது பெரியப்பாவுக்கு, பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் பங்காளி வீட்டுப் பையனைப் பிள்ளை கூட்டிக்கொள்வது வழக்கம். அதன்பின் அவன் அந்த வீட்டுப் பிள்ளை. பெற்றவளையே சின்னாத்தா என்றுதான் கூப்பிட வேண்டும். ஆறு வயதுத் தம்பியைத் தை மாதம் அனுப்புவதாகப் பேசி முடித்துவிட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் காரைக்குடிக் கொட்டகையில் ஒரு சிரிப்புப் படம் பார்த்தோம். வழுக்கைத்தலை விஞ்ஞானி ஒருவர் காமெடி நடிகரின் தலையில் ஒரே ஒரு முடியைப் பிடுங்கி இயந்திரத்தில் போடுவார். புகை வரும். அதே ஆள், அதே மீசை, அதே கட்டம் போட்ட சட்டையோடு உள்ளேயிருந்து இறங்கி வருவான். முடியிலிருந்து சட்டை எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தம்பியின் தலையில் ஒரு கொத்து முடியை வெட்டிக் காகிதத்தில் மடித்து, விஞ்ஞான டீச்சரிடம் நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை இன்றும் எனக்குப் பிடிக்கும். வெளிநாட்டில் தவளையில் செய்து பார்த்திருக்கிறார்கள், மனிதருக்கு இன்னும் முடியாது என்றார். என்றைக்காவது முடிந்தாலும் மீசையோடு இறங்கி வராதாம். ஒரு தாய் வயிற்றில் பத்து மாதம் இருந்து கைக்குழந்தையாகத்தான் பிறக்குமாம். முகம்தான் அவன் முகம், உன்னை அதற்கு யாரென்றே தெரியாது என்றார்.

வேறு யாராவது என்றால் அத்தோடு விட்டிருப்பார்கள். எனக்கோ வழி இன்னும் தெளிவாகிவிட்டது.

வீட்டில் ஆத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டே தம்பியின் சட்டைகளைத் தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பொட்டலத்தை அவள் மடியில் வைத்தேன். விஞ்ஞானிகள் கண்டுபிடிக்கும்வரை பெரியப்பச்சியைப் பொறுக்கச் சொல்லலாம், இதிலிருந்து இன்னொரு தம்பியைப் பெற்று அவனை அனுப்பலாம், இவனை நாமே வைத்துக்கொள்ளலாம் என்று முழுத் திட்டத்தையும் சொன்னேன்.

"அதுக்கு நம்மள யாருன்னே தெரியாது ஆத்தா. அழுகாமப் போயிரும். பின்ன ஏன் அழுகுறீக?"

ஆத்தா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். "அதையும் நாந்தானே பெக்கணும்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"பெத்துப்புட்டு அதை மட்டும் எப்புடி விடுவேன்?"

இவ்வளவு விளக்கியும் ஆத்தாவுக்கு விஞ்ஞானம் ஏறவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

தை பிறந்தது, தம்பி போனான். பொட்டலத்தையாவது கொடுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டேன். ஆத்தா தரவே இல்லை. இயந்திரமும் இல்லாமல் அந்த முடியை வைத்துக்கொண்டு அவள் என்னதான் செய்யப்போகிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.